பத்தமடைப் பாயும் 32 கிலோபைட் கணினியும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். நாற்பது வருடப் பழைய வீட்டுக் கணினி ஒன்று. திரையில் நம் விண்டோஸ் மாதிரியே சாளரங்கள் திறக்கின்றன, மூடுகின்றன. ஒரு மூலையில் கடிகாரம் ஓடுகிறது, இன்னொரு சாளரத்தில் விளையாட்டு நடக்கிறது. கீழே அவர் எழுதியிருந்தது: "சார், இதுவும் நம்ம ஸ்கூல் லேப்ல கிடந்த பெட்டி காலத்துதானே? அதுல இதெல்லாம் ஓடும்னா அன்னைக்கு நாம ஏன் செய்யல?"

ஒரு வரியில் பதில் போட முயன்றேன், முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. 1984-85-ல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்காகத் தேர்ந்தெடுத்த இயந்திரம் இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ. பிபிசி தொலைக்காட்சி நடத்திய கணினிக் கல்வித் தொடருக்காக, கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏகார்ன் என்ற சிறிய நிறுவனம் 1981-ல் செய்தது. இந்தத் திட்டத்தின் வழியாக நாடு முழுவதும் பள்ளிகளுக்கு இந்தக் கணினிகள் வந்து சேர்ந்தன. அப்படித்தான் நம் நெல்லைச் சீமைக்கும் அவை வந்தன. வெளிர் நிறப் பெட்டி, கருப்பு விசைகள், மேல் வரிசையில் சிவப்பு விசைகள். பொத்தானை அழுத்தினால் இரண்டு சுருதியில் ஒரு 'பீப்' சத்தம் வரும். நினைவிருக்கிறதா?

அதன் நினைவகம் 32 கிலோபைட். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. மவுஸ் கிடையாது. நிரலைச் சேமிக்க டேப் ரெக்கார்டர்.

அந்தக் கணினிக்குத் திரையில் எழுத இரண்டு வழிகள் இருந்தன. பொத்தானைப் போட்டதும் வருவது 'மோடு 7'. இதில் எழுத்துகளின் வடிவம் ஒரு தனிச் சில்லுக்குள் ஆலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். 'ஏ' வேண்டுமென்றால் அதன் எண்ணைச் சொன்னால் போதும், சில்லு வரைந்துவிடும். ஒரு வரிக்கு 40 எழுத்து, 25 வரி. ஆக 1,000 இடங்கள். 1 கிலோபைட்டில் திரை முடிந்தது. மிகச் சிக்கனம். ஆனால் சில்லில் இல்லாத எழுத்தை என்ன செய்தாலும் வரவழைக்க முடியாது. அந்தச் சில்லில் தமிழ் இல்லை.

இரண்டாவது வழி, திரை முழுவதையும் புள்ளிகளாகப் பார்ப்பது. 'மோடு 4' என்று தட்டினால் குறுக்கே 320, நெடுக்கே 256 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எரிய வேண்டுமா அணைய வேண்டுமா என்பதை நாமே சொல்லலாம். 320-ஐ 256-ஆல் பெருக்குங்கள், 81,920 புள்ளிகள். ஒரு பைட்டில் எட்டுப் புள்ளிகள் என்றால் 10,240 பைட். அதாவது 10 கிலோபைட். மோடு 7-ஐ விடப் பத்து மடங்கு செலவு. அந்தச் செலவைச் செய்துவிட்டால் திரையில் படம் போடலாம், கோலம் போடலாம், எந்த மொழி எழுத்தையும் போடலாம்.

வரைகலை இயங்குதளம் என்று இன்று சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வழியில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1973-ல் 'ஆல்டோ' என்ற கணினியில் இதைச் செய்து பார்த்தார்கள். 1984 ஜனவரியில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்தபோது உலகம் கண்டது. அதற்கு 128 கிலோபைட் நினைவகம். அதில் திரைக்கு மட்டும் சுமார் 22,000 பைட்.

புள்ளிகளை வைத்து எழுத்தை உண்டாக்குவது நமக்குப் புதிதா என்ன? பத்தமடைக்காரர்களைக் கேளுங்கள். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, ஊறவைத்து, நுணுக்கி நெய்யும் பாயில் கல்யாணப் பாய் என்று ஒன்று உண்டு. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கட்டங்களில், எந்தக் கட்டத்தில் சாயக் கோரை மேலே தெரிய வேண்டும், எதில் தெரியக் கூடாது என்று எண்ணி எண்ணி நெய்வார்கள். மோடு 4 திரையில் நடப்பதும் அதுதான். 'பிட்மேப்' என்ற ஆங்கிலச் சொல்லை வகுப்பில் விளக்கத் திணறிய நாளில், வீட்டில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துப் போய்க் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

இனி, இவ்வளவு சிறிய கணினியில் சாளரங்கள் எப்படி ஓடின என்பது.

முதலில் பெரிதாகச் செய்து காட்டியது 'ஜியாஸ்'. அமெரிக்காவில் பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனம் 1986-ல் கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்காக எழுதியது. நினைவகம் 64 கிலோபைட், வேகமோ நம் பிபிசியில் பாதிதான். அதில் மவுஸ் அம்பு, ஐகான், இறங்கு பட்டியல், விதவிதமான எழுத்துருக்களில் கடிதம் எழுதும் செயலி, படம் வரையும் செயலி எல்லாம் ஓடின.

ஒரு பட்டியலைத் திறந்தால் அது கீழே இருக்கும் படத்தை மறைக்கிறது. மூடினால் பழைய படம் திரும்ப வர வேண்டும். அது எங்கே இருக்கும்? ஜியாஸ் எழுதியவர்கள் திரையின் நகல் ஒன்றை நினைவகத்தில் இன்னொரு இடத்தில் வைத்தார்கள். பட்டியல் மூடியதும் அந்தப் பகுதியை மட்டும் நகலிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். கமடோரின் திரைக்கு 8,000 பைட், நகலுக்கு இன்னொரு 8,000. 64-ல் இவ்வளவு போனால் மீதி எப்படிப் பற்றும்? செயலியை முழுதாக ஏற்றாமல் தேவையான துண்டை மட்டும் ஃப்ளாப்பியிலிருந்து எடுப்பார்கள். அடுத்த துண்டு வேண்டும்போது முந்தையதன் மேலேயே ஏற்றிவிடுவார்கள். சின்ன அடுக்களையில் ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குச் சமைத்த என் ஆச்சி ஞாபகம்தான் எனக்கு வருகிறது. அந்த ஃப்ளாப்பி இயக்கி பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவானது. அதனால் தகவலை வேகமாகப் படிக்கும் நிரலையும் அவர்களே தனியாக எழுதிக்கொண்டார்கள்.

மாணவர் அனுப்பிய காணொளியில் இருந்தது 'சிம்போஸ்'. ஜெர்மனியைச் சேர்ந்த யோர்ன் மிக்கா என்பவர் ஆம்ஸ்ட்ராட், எம்எஸ்எக்ஸ் போன்ற பழைய கணினிகளுக்காக இந்த நூற்றாண்டில் எழுதியது. அந்தக் கணினிகளின் மூளையான இசட்-80 சில்லு ஒரே நேரத்தில் 64 கிலோபைட்டைத்தான் பார்க்கும். அதற்கு மேல் நினைவகத்தைப் பொருத்தினாலும் துண்டு துண்டாக மாற்றி மாற்றித்தான் காட்ட வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பல செயலிகளை ஓட்டுகிறார். ஆசிரியர் வராத நாளில் பக்கத்து வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். இங்கே இரண்டு நிமிடம், அங்கே இரண்டு நிமிடம். வேகமாக மாறி மாறிப் போனால் இரண்டு வகுப்பும் ஆசிரியர் நம்மோடுதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில், ஓடும் என்பதே. "நாம ஏன் செய்யல?" என்ற இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

பிபிசியில் 'விடியு 23' என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொண்டு எட்டுக்கு எட்டு கட்டத்தில் நாமே புது எழுத்து வரைந்துகொள்ளலாம். சும்மா கிடைப்பது அப்படி 32 கட்டங்கள். அதை விரிக்கவும் வழி உண்டு, ஆனால் நிரல் எழுதும் இடம் குறையும். ஒரு சனிக்கிழமை மதியம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரோடு லேபில் இருந்தபோது, தமிழில் எழுதிப் பார்ப்போமா என்று தொடங்கினோம்.

எட்டுக்கு எட்டில் 'ட' வரும், 'ப' வரும். 'ண' வராது, 'ஞ' நிச்சயம் வராது. சுழிகளுக்கு இடமில்லை. ஒரு எழுத்துக்கு நான்கு கட்டங்களைச் சேர்த்துப் பதினாறுக்குப் பதினாறாக எடுத்துக்கொண்டோம். கணக்கு நோட்டில் கட்டம் போட்டுப் பென்சிலால் நிரப்பினோம். முதலில் எழுதியது 'தாமிரபரணி'. த, துணைக்கால், ம, இகர வளைவு, ர, ப, ண என ஏழு வடிவங்கள். ஏழு நான்கு இருபத்தெட்டு. 32-க்குள் அடங்கிவிட்டது. மோடு 4-க்கு மாறி, நிரலை ஓட்டினோம். பச்சை எழுத்தில் ஆற்றின் பெயர் வந்தது. இகர வளைவு எழுத்தோடு சரியாக ஒட்டாமல் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. ஆனாலும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்து 'திருநெல்வேலி'. எண்ணிப் பாருங்கள். த, இகர வளைவு, ரு, ஒற்றைக்கொம்பு, ந, ல், இரட்டைக்கொம்பு, வ, ல. ஒன்பது வடிவம், 36 கட்டம். நாலு கட்டம் அதிகம். "ஆறு அடங்கிட்டு, ஊர் அடங்கலையே!" என்று சிரித்தார்கள்.

ஒரு மாணவி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "சார், புள்ளி மேல ஒரு கட்டத்துலதான இருக்கு. மீதி மூணு கட்டமும் 'ல'வோடதுதான? அதையே போட்டா என்ன?" மூன்று மிச்சம், 33. இன்னும் ஒன்று இடித்தது. அவளே அடுத்ததையும் சொன்னாள்: "ரெண்டு கொம்புக்கும் கீழ்ப்பாதி ஒண்ணுதான சார்." இன்னும் இரண்டு மிச்சம், 31. ஊரும் அடங்கிவிட்டது.

இருப்பதையே பகிர்ந்து பயன்படுத்து, மாறும் பகுதியை மட்டும் புதிதாக வை. ஜியாஸ் எழுதியவர்கள் செய்ததும் இதே சிந்தனைதான். அந்தப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

அவள் கேட்டாள்: "அப்போ எல்லா எழுத்தையும் வரைஞ்சா, தமிழ்லயே டைப் அடிக்கலாமா சார்?"

நான் சொன்ன பதில்: "அதெல்லாம் இந்தப் பெட்டில முடியாதும்மா. பெரிய பெரிய கம்பெனிக்காரங்க பாத்துக்கிடுவாங்க. நீ பாடத்தப் பாரு."

கணக்குப் போடாமல் சொன்ன பதில் அது. கணக்கு வாத்தியார் நான். போன வாரம் காணொளியைப் பார்த்த பிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டேன். உயிர் 12. ஆய்தம் 1. உயிர்மெய் அகர வடிவம் 18, புள்ளி வைத்த மெய் 18. உகர வரிசை 18, ஊகார வரிசை 18, இவை எழுத்துக்கு எழுத்து மாறும் என்பதால் தனித்தனியாக வேண்டும். துணைக்கால், மூன்று கொம்புகள், இகர, ஈகாரக் குறிகள் என 6. டி, டீ இரண்டும் தனி. மொத்தம் 93 வடிவங்கள். ஒரு வடிவத்துக்கு 32 பைட் என்றால் 2,976 பைட்.

மூன்று கிலோபைட்கூட இல்லை.

பிபிசியின் 32 கிலோபைட்டில் கணினி தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்வது 3,584 பைட். மோடு 4 திரைக்கு 10,240. மீதி 18,944. அதில் தமிழ் எழுத்து முழுவதையும் வைத்தாலும் 15,968 பைட் கையில் நிற்கும். ஔ, ஞூ போன்ற அகலமான எழுத்துகளுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கொடுங்கள். 'கெ' என்று தட்டும்போது கொம்பு முன்னால் போய் நிற்க ஒரு நிரல் எழுதுங்கள். அப்போதும் இடம் இருக்கும். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய தனி வடிவங்களை எடுத்துவிட்டதால் நம் வேலை இன்னும் குறைந்திருந்தது.

முடியும் என்பதுதான் சரியான பதில். இல்லாமல் போனது நினைவகம் அல்ல. உட்கார்ந்து செய்ய ஒரு ஆளும் நேரமும் "செய்யுங்கள்" என்ற ஒரு சொல்லும்தான். பள்ளிக்கு வந்த ஓர் அதிகாரி எங்கள் திரையைப் பார்த்துவிட்டு, "இது சிலபஸ்ல இருக்கா?" என்று கேட்டார். நானும் நிறுத்திவிட்டேன். அவரைக் குறை சொல்வதற்கில்லை, நிறுத்தியது நான்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார், 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கத் தமிழ் நூலை அச்சிட்டார். அச்சு இயந்திரம் கப்பலில் வந்தபோது அதோடு தமிழ் வரவில்லை. நம் எழுத்தை ஈயத்தில் வார்க்க யாரோ உட்கார வேண்டியிருந்தது. கணினிக்கும் அப்படித்தான்.

கடைசியில் தமிழ் திரைக்கு எப்படி வந்தது? கான்பூர் ஐஐடியில் தொடங்கி புனே சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' என்ற அட்டையை அலுவலகக் கணினிகளில் செருகினார்கள். அந்தக் கணினிகளின் எழுத்துத் திரையில் ஆங்கிலம் மட்டுமே பதிந்திருந்ததால் இந்திய மொழிகளுக்குத் தனி அட்டையே தேவைப்பட்டது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் வழியாக தமிழ்99 விசைப்பலகை வந்தது. விண்டோஸ் 2000-த்தில் யூனிகோடு தமிழ் இயங்குதளத்துக்குள்ளேயே வந்து அமர்ந்தது. புள்ளித் திரை பரவலான பிறகுதான் இவற்றில் பெரும்பாலானவை சுலபமாயின. ஆங்கிலேயனுக்கு வரைகலைத் திரை ஒரு வசதி. நமக்கு அது எழுதுவதற்கே தேவை. செய்தவர்களில் பலர் பெரிய கம்பெனிக்காரர்களும் அல்லர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவில் உட்கார்ந்தவர்கள். நான் அந்த மாணவியிடம் சொன்னது அதிலும் தப்பு.

"பழைய பெட்டிக்கு இப்போ இயங்குதளம் எழுதி என்ன பிரயோஜனம் தாத்தா?" என்று என் பேரன் கேட்கிறான். அவனுக்கு இரண்டு சம்பவங்களைச் சொன்னேன்.

சுவீடனில் ஆடம் டன்கெல்ஸ் என்பவர் 2003 வாக்கில் கமடோர் 64-ல் ஓடும் 'கான்டிகி' என்ற சிறு இயங்குதளத்தை வெளியிட்டார். அதில் சாளரங்களோடு இணைய உலாவிகூட உண்டு. பார்த்தவர்கள் வேடிக்கை என்றார்கள். ஆனால் பல்புக்குள்ளும் உணரிகளுக்குள்ளும் வைக்கும் சின்னஞ்சிறு கணினிகளுக்கும் சில பத்து கிலோபைட் நினைவகம்தான். அங்கே கான்டிகி அப்படியே பொருந்திப்போனது. உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது, நம் பிபிசியை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். சிக்கனமாகச் செய்தே பழகிய அவர்கள் அடுத்து ஒரு எளிய சில்லை வடிவமைத்தார்கள். 1985-ல் அது முதன்முதலாக ஓடியது. பெயர் ஆர்ம். இந்தப் பதிவை நீங்கள் படிக்கும் போனுக்குள் இருப்பது அநேகமாக அதன் வாரிசுதான். லேபில் தூசி படிந்து கிடந்த பெட்டியின் தம்பி இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

அந்தப் பெட்டிகள் என்னவாயின என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் பள்ளியில் சில வருடங்கள் பூட்டிய அறையில் உறை போட்டு இருந்தன. பிறகு பழைய சாமான்களோடு எடைக்குப் போயின. 'திருநெல்வேலி' பதிந்த டேப்பும் அதோடு போயிருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கணினியைப் போலவே நடக்கும் மென்பொருள்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேரன் ஒன்றைத் திறந்து கொடுத்தான். அதே 'பீப்'. மோடு 4 என்று தட்டினேன். கணக்கு நோட்டில் கட்டம் போட ஆரம்பித்திருக்கிறேன். 93-ல் இதுவரை 40 முடிந்திருக்கிறது. 'ஞ' இப்போதும் மல்லுக்கட்டுகிறது. யாருக்காவது நேரம் இருந்தால், 'ஊ' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். பதினாறுக்குப் பதினாறு கட்டம், பென்சில், அவ்வளவுதான் செலவு.

அந்த மாணவி இந்தப் பதிவைப் படிப்பாள் என்று நம்புகிறேன். அம்மா, அன்றைக்கு நீ கேட்டதற்குச் சரியான பதில்: முடியும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

உங்களில் யாரிடமாவது அந்தக் கால லேப் புகைப்படமோ டேப்போ நோட்டோ இருந்தால் கீழே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்